ஒரே ஒரு ரெக்கார்டு வைத்திருந்தவர்

வீட்டில் பிளேயர் இல்லாமல் ரெக்கார்டு வாங்கியவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சம்தான். ஆனால் என் வீட்டுக்காரி ஏற்கெனவே எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டதால், இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு பழைய ஜாஸ் ஆல்பம். ட்ரம்பெட் வாசிப்பவர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் எந்தக் காலத்திலோ வாசித்தது. பல வருஷம் எங்கும் கிடைக்காமல் இருந்ததை மூல டேப்பிலிருந்து மறுபடி வெட்டி, கனமான வினைல் தட்டில், பழைய அட்டைப்படத்தோடு போட்டிருப்பதாக விளம்பரம் சொன்னது. நான் அந்தக் கனத்தில் விழுந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் பார்சல் வந்த அன்று சுவர்க் கடிகாரமா என்று விசாரித்தார்கள். ரெக்கார்டு என்றேன். விசாரித்தவர் என் பென்ஷனுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று கணக்குப் போடுகிற முகத்தோடு நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்காரி தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எதுல போட்டுக் கேப்பிய?"

"ராஜபாளையத்துல ஒருத்தர்கிட்ட பிளேயர் இருக்கு."

"அப்ப அவருக்குத்தான் வாங்கிருக்கிய."

ஒரு வகையில் அது உண்மை. அவரிடம் காட்டுவதற்காகத்தான் வாங்கினேன். அதே ஆல்பத்தின் பழைய பிரதியை அவர் முப்பது வருஷமாக வைத்திருந்தார். அதன் பலத்தில்தான், எனக்குக் காது என்று இரண்டு இருப்பது மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்கு மட்டுமே என்று ஊரறிய முடிவு செய்திருந்தார்.

அவர் பஞ்சு பார்ப்பவர். மில்லுக்கு வரும் பஞ்சுப் பேலிலிருந்து ஒரு கொத்தை உருவி, இரண்டு கைக் கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்து இழுப்பார். பிரிந்ததை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி இழுப்பார். கடைசியில் விரலில் மிஞ்சுகிற சின்னக் கற்றையைக் கறுப்பு கோட்டுக் கையின் மேல் வைத்து, இழையின் நீளத்தைக் கண்ணாலேயே சொல்வார். அந்தக் கோட்டு ராஜபாளையத்து வெயிலுக்கு ஏற்றதல்ல. அவர் அதைக் கழற்றியதில்லை. அளக்க மெஷின் வந்த பிறகும் மில் முதலாளிகள் மெஷின் சொன்னது சரிதானா என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குஜராத்திலிருந்து வந்த லாரிகளை "நீளம் பத்தாது" என்று இரண்டே சொல்லில் குஜராத்துக்கே திருப்பியவர். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்பப் பஞ்சு கிடைக்கவில்லை. மனிதர்கள் கிடைத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிற யாரும் வெறுங்கையோடு போக முடியாது என்பதால் முதல் தடவை நான் பால்கோவா கொண்டுபோனேன். பிரித்தார். ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தார். முகர்ந்தார். வாயில் வைக்கவில்லை. "சீனி முந்திருச்சு" என்று மூடி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். என் நகைச்சுவைக் கட்டுரைகள் புத்தகமாக வந்தபோது ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுவில் திறந்து, ஒரு பக்கத்தை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "தாள் நல்லாருக்கு" என்றார். அதற்கு மேல் விமர்சனம் இல்லை. இன்றுவரை அந்தப் புத்தகத்துக்கு வந்தவற்றில் நல்ல விமர்சனம் அதுதான்.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு அவர் நாய் வளர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏன் போனீர்கள் என்று கேட்கலாம். அவர் நம்மை மட்டுமா கடித்தார்? மற்றவர்களையும் கடித்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற சுகம் ஒன்று இருக்கிறதே, அதற்காகத்தான் போனோம்.

பிளேயரையும் அந்த ரெக்கார்டையும் கொடுத்தனுப்பியது அமெரிக்காவில் இருந்த அவருடைய தம்பி. தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு பழசை அண்ணனுக்குத் தள்ளிவிட்டார். நூற்றிப்பத்து வோல்ட்டில் ஓடுகிற பெட்டி. அதனால் அவர் நம் ஊர் வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று சொந்தமாகச் செய்வித்து, செங்கல் மாதிரி பெட்டிக்குக் கீழே வைத்திருந்தார். பாட்டுக்கு முன்னால் அது முனக ஆரம்பிக்கும். அந்த முனகல் கேட்டதும் நாங்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்தில் தமிழ்ப் பாட்டு ரெக்கார்டுகளையும் அதில் போட்டுப் பார்த்திருக்கிறார். பாடகிக்குச் சளி பிடித்து, தூக்கமும் வந்துவிட்டது போலக் கேட்டிருக்கிறது. "நம்ம ஊரு ரெக்கார்டிங் லட்சணம் அம்புட்டுத்தான்" என்று சொல்லி அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். மிஞ்சியது அந்த ஜாஸ் தட்டு ஒன்றே. ஒரே ஒரு ரெக்கார்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை பேரை அவமானப்படுத்த முடியும் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

பாட்டு ஓடும்போது திடீரென்று ஒருவர் பக்கம் திரும்பி, "இப்ப என்ன வந்துச்சு?" என்பார். ஒரு பேங்க் மேனேஜர், பாவம், நாதஸ்வரம் மாதிரி ஏதோ வந்ததாகச் சொன்னார். அவர் மாற்றலாகிப் போகும்வரை ராஜபாளையத்தில் அவருக்கு நாதஸ்வரம் என்றே பேர். கடன் கேட்டுப் போனவர்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். என் விஷயம் வேறு. எனக்குத் தெரியாமல் என் கால் தாளம் போட்டுவிட்டது. அவர் எழுந்து முள்ளைத் தூக்கினார். டிரான்ஸ்பார்மர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"எழுத்தாளரே, காலை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க. நீங்க மட்டும் உள்ள வந்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நாதஸ்வரம்தான் அதிகம் சிரித்தார்.

ஆனால் மூன்றாவது பாட்டு என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவரை முழுக்கச் சொன்னதாக ஆகாது. அது மெதுவான பாட்டு. ட்ரம்பெட் ஒவ்வொரு சுரத்தையும் இறக்கிவைக்க மனமில்லாமல் சுமந்துகொண்டே போகும். அது தொடங்கியதும் அவர் கண்ணை மூடுவார். கோட்டுக் கை நாற்காலியின் கைப்பிடியில் கிடக்கும். கட்டைவிரல்கள் எதையும் இழுக்காமல் சும்மா இருக்கிற ஒரே நேரம் அதுதான். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்க மாட்டார். ஒருமுறை, "சாகப்போறவன் அவசரமே படாம வாசிச்சிருக்கான்" என்று எங்களில் யாருக்கென்றும் இல்லாமல் சொன்னார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் மனைவி சமையலறை வாசலுக்கு வருவார். நாங்கள் அக்கா என்போம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒரு விஷயத்தைச் சொல்வார். அவர் கண்ணைத் திறக்காமல் "ம்" என்பார். அந்த "ம்" வேறு எந்த நேரத்திலும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவர்களுக்கு ஒரே மகள். மம்சாபுரத்துப் பையன் ஒருவனைத் தானாகவே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபிளெக்ஸ் போர்டு கடை வைத்திருக்கும் அவனோடு இருந்தாள். அப்பா அந்தக் கல்யாணத்தைப் பஞ்சு போல இழுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மகள் வாசல்படி ஏறக் கூடாது. அக்கா மட்டும் அந்த "ம்"மை வாங்கிக்கொண்டு, அன்று மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவார்.

அக்காவுக்கு ஒரு தம்பி. சின்ன ஸ்பின்னிங் மில் முதலாளி. அவர்கள் வீட்டில் தெலுங்கு என்பதால் அக்கா புருஷனை பாவா என்று கூப்பிடுவார். பல வருஷத்துக்கு முன்னால் அவருடைய மில்லில், அவருடைய புரோக்கர்களின் முன்னாலேயே, பாவா ஒரு லோடைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல நூல் நூக்க முடியாது, தலைகாணி தைக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அது தலைகாணி மில். வாசலில் பெரிதாக எழுதியிருக்கும் பெயரை வெளியூர் லாரிக்காரர்கள் மட்டுமே படித்தார்கள்.

இந்த மைத்துனர் ஒரு ஞாயிறு தன் போனில் அதே ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார். வேகமாகவும் கொஞ்சம் கீச்சென்றும் கேட்டது. பாவா முழுதாக நாலு மூச்சு விடுகிற நேரம்கூடக் கேட்கவில்லை.

"டிஜிட்டல்ல எல்லாமே ஓடும்டா. கேக்கிறவன் ஓடுறான், அதனால பாட்டும் ஓடுது. உங்க தலைமுறைக்கு அவசரந்தான் சங்கீதம்."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நான் இதை என் கட்டுரை ஒன்றில் என் சொந்தக் கருத்தாகவே எழுதியிருக்கிறேன். பாராட்டி இரண்டு பேர் கடிதம் போட்டார்கள்.

இனி அந்த ஞாயிறு. புதுத் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் போனேன். போனில் பேசி ஏற்பாடு செய்திருந்தபடி மைத்துனர் புதிதாக வாங்கிய ஒரு பிளேயரைக் காரில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். பாவா தன் முள்ளை வேற்றுத் தட்டில் படவிட மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா கேட்டுக்கு அருகிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

பேரனுக்கு வருகிற புதன்கிழமை காதுகுத்து. அக்கா ஒரே நாளில் அதைக் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டுக்குப் பிந்திய அந்த இடைவெளிகளில் ஒவ்வொரு வாரமாக அடுக்கியிருந்தார். காதுகுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிறு, பிள்ளைக்கு உங்கள் மூக்கு என்று இன்னொரு ஞாயிறு. இரண்டுக்கும் "ம்" கிடைத்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான்.

"இன்னைக்கு நீங்களும் வாங்கன்னு கேட்டுரப் போறேன் தம்பி. வந்திருவாக போலத்தான் இருக்கு. மூணாவது பாட்டு முடியிற வரைக்கும் வேற பேச்சு எதையும் எடுக்காதிய. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சரிக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

உள்ளே பாவா என் கையில் இருந்ததைப் பார்த்தார். வாங்கி, உறையிலிருந்து உருவி, விளிம்பை விரலால் தடவி, எடையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கு. இரும்புக் கடைக்காரனுக்குப் பிடிக்கும்."

சாதாரணமாக முதலில் அவருடைய பழைய தட்டு ஓடும். மூன்றாவது பாட்டு வரும். முடியும். அக்கா வருவார். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு. அன்று அவர் டிரான்ஸ்பார்மர் சுவிட்சில் கை வைத்துவிட்டார். முனகல்கூட ஆரம்பித்துவிட்டது. இரும்புக்கடை என்ற சொல் என் காதில் இருந்தது. காதுதான் எனக்கு இல்லையே, அப்படியும் இருந்தது.

"சார், முதல்ல இதைப் போட்டுருவோமே" என்றேன்.

அவர் சுவிட்சை அணைத்தார். "போடுங்க. என்னதான் ஒப்பேத்தியிருக்கான்னு பாப்பம்."

சாப்பாட்டு மேசையில் மைத்துனரின் பிளேயரை வைத்துப் போட்டோம். பாட்டு ஓடியது. ஓடியது என்பதுதான் சரியான சொல். ட்ரம்பெட்காரருக்கு எங்கோ போகவேண்டிய வேலை இருப்பது போலிருந்தது. பாவா முகத்தில் நான் அதுவரை பார்க்காத சந்தோஷம் வந்தது.

"பாத்தியளா, கம்பெனிக்காரன் ஓட்டிட்டான். மூல டேப்பாம். எழுத்தாளருக்குன்னே அச்சடிச்சிருக்கான். இந்த வேகத்துக்குத்தான் உங்க காலு ஆடும், ஆட விடுங்க."

என் காதுமடல் சூடாகிவிட்டது. மைத்துனர் எழுந்து போய், அலமாரியிலிருந்து பாவாவின் பழைய தட்டை உருவினார். அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. அக்கா முப்பது வருஷமும் அதைச் சுற்றித்தான் தூசி துடைத்திருக்கிறார். "ஏலே, வையி" என்று பாவா எழுவதற்குள் தட்டு புது பிளேயரில் சுற்றிக்கொண்டிருந்தது.

அதுவும் ஓடியது. அதே வேகம், அதே கீச்சு.

மைத்துனர் குனிந்து, போன் வெளிச்சத்தை அமெரிக்கப் பெட்டியின் அடியில் அடித்துத் தகட்டைப் படித்தார். நிமிரும்போது அவருக்கு வந்த சிரிப்பை அவரால் மறைக்க முடியவில்லை. மறைக்க அவர் முயலவும் இல்லை.

"பாவா, இது அறுபது சைக்கிள் மோட்டாரு. அவுங்க ஊரு கரண்டு அறுபது. நம்ம ஊரு அம்பது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சைக்கிளை அது என்ன பண்ணும்? மோட்டார் அம்பதுக்குத் தக்கன மெதுவாத்தான் சுத்தும். நானே மில்லுக்குன்னு வெளிநாட்டு பழைய மெஷின் ஒண்ணை எறக்கி, இதே தப்பைப் பண்ணி மோட்டாரைக் கருக்கியிருக்கேன். எனக்காவது ஒரே வாரத்துல தெரிஞ்சு போச்சு."

பாவா தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணாவதைப் போடு" என்றார். இதை அவரேதான் கேட்டார் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நல்லவேளை, அவர் கேட்காவிட்டால் நான் கேட்டிருப்பேன்.

மூன்றாவது பாட்டு வந்தது. அதில் சாகப்போகிறவர் யாரும் இல்லை. கடைத்தெருவில் கைவீசி நடக்கிற ஒரு ஆரோக்கியமான மனிதர் இருந்தார். கொஞ்சம் குஷியாகவே இருந்தார். பாவா கண்ணை மூடவில்லை. மூட முயன்றார், இமை நிற்கவில்லை. கட்டைவிரல் இரண்டும் காற்றில் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

"முப்பது வருசமா நீங்க கேட்டது அவன் வாசிச்சது இல்ல பாவா. நம்ம ஊரு கரண்டு வாசிச்சது."

நான் சிரித்துவிட்டேன். வாசலில் செருப்போடு காலை விட்ட நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. நாற்காலி குலுங்கியது. என் கால்கூடத் தானாகத் தாளம் போட்டது. இந்த முறை தாளம் சரியாகவே இருந்தது.

பாட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அக்கா சமையலறையில் தன் பழைய கணக்கில் இருந்திருக்கிறார். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அங்கே அமைதி இல்லை, எங்கள் சிரிப்புதான் இருந்தது. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"புதன்கிழமை காதுகுத்துக்கு நீங்களும் ஒரு எட்டு வந்தா..."

பாவா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

"யாரு வீட்டுக் காதுகுத்து?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தட்டை உறைக்குள் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

"ஃபிளெக்ஸ் கடைக்காரன் வீட்டுக்கு நான் எதுக்கு? எம் மூஞ்சியைப் பெருசாப் போட்டு ரோட்டுல கட்டவா? நீயும் போக வேண்டாம். இத்தனை நாளு போனதே அதிகம்."

அக்கா உள்ளே போனார். காபி கடைசிவரை வரவில்லை.

அவர் காதுகுத்துக்குப் போகவில்லை. ஆனால் அவர் முகம் போயிருந்தது. மருமகன் மாமனார் எப்படியும் வந்துவிடுவார் என்று நம்பி முன்கூட்டியே அடித்து வைத்த ஃபிளெக்ஸில், கறுப்புக் கோட்டோடு மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு நின்றார். பக்கத்தில் அக்காவும் படமாகத்தான். வந்தவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு, ஆளைத் தேடினார்கள். நானும் போயிருந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

அமெரிக்கப் பெட்டி பிறகு முனகவே இல்லை. சைக்கிளை அறுபதாக மாற்றித் தருகிற ஒரு டிரைவை மைத்துனர் மில் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். அது கட்டுகூடப் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுவிட்டன. இடையில் கண்ணை மூடுகிற நேரம் இல்லாததால் அவரால் காலையிலிருந்து மத்தியானம்வரை தொடர்ந்து எல்லோரையும் இழுத்துப் பார்க்க முடிந்தது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். ஒருநாள் ட்ரம்பெட்காரரைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அவனும் நீளம் பத்தாதவன்தான். கரண்டு இழுத்து விட்டுருக்கு" என்றாராம். அவர் கடைசியாகத் திருப்பி அனுப்பியது அந்த மனிதரைத்தான் என்று நினைக்கிறேன். பேரனைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

சமீபத்தில் அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தேன். மகளோடு, ஃபிளெக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். கீழே மெஷின் யாருடைய முகத்தையோ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பேரன் கடுக்கனோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். மூக்கு அவருடையதேதான். எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடமாக இருந்தால் நான் தத்துவம் பேசுவேன். உண்மை என்று ஒன்று இருக்கிறது, எத்தனை வருஷம் மூடி வைத்தாலும் என்றைக்காவது வெளிவர வேண்டியதுதானே என்று ஆரம்பித்து, கொஞ்ச தூரம் நன்றாகவே போனேன்.

அக்கா காபியை ஆற்றிக் கையில் கொடுத்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி. நீங்க பாட்டுப் பொட்டி வாங்கிட்டியளா?"

"இன்னும் இல்லக்கா."

"பொறவு அன்னைக்கு என்ன அம்புட்டு அவசரம்?"